பெருக்கலும் வாய்ப்பாடும்: டியூஷன் வாசல்ல அம்மா அப்பாக்கள் கேக்குற கேள்விகள்

திண்டுக்கல்ல எங்க வீட்டு மொட்டை மாடியில சாயங்காலம் ரெண்டாங் கிளாஸ்ல இருந்து அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் புள்ளைங்களுக்கு கணக்கு சொல்லித் தர்றேன். கூட்டிட்டுப் போக வர்றவங்க ஒரு கால்ல செருப்பை மாட்டிக்கிட்டே கேப்பாங்க, "மிஸ், இவனுக்கு வாய்ப்பாடே வரமாட்டேங்குது, என்ன பண்றது?" அந்த ஒரு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயமா அது? அதான் அடிக்கடி வர்ற கேள்விகளை எல்லாம் இங்க எழுதி வச்சுட்டேன், ராத்திரி சாப்பாட்டு வேலை எல்லாம் முடிஞ்சப்புறம் மெதுவா படிங்க.

பெருக்கல்னா என்னன்னு முதல் தடவை எப்படிச் சொல்றது?

சொல்லாதீங்க, காட்டுங்க. இட்லி குக்கர் தட்டை எடுங்க, ஒரு தட்டுல 4 குழி, அது மாதிரி 4 தட்டு, மொத்தம் எத்தனை இட்லின்னு கேளுங்க. புள்ளை முதல்ல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணும், எண்ணட்டும். அடுத்த நாள் 4, 8, 12, 16 னு தாவும். அந்தத் தாவல்தான் பெருக்கல். கடையில முட்டை வாங்குற அட்டையில ஒரு வரிசைக்கு 6 குழி, 5 வரிசை, மொத்தம் 30. மாத்திரை அட்டையில ரெண்டு வரிசை அஞ்சு அஞ்சா 10. பல்லாங்குழி இருந்தா இன்னும் நல்லது, 14 குழி, குழிக்கு 5 சோழி போட்டா 70.

முக்கியமானது என்னன்னா ஒவ்வொரு கூட்டத்துலயும் சம அளவு இருக்கணும், அது மனசுல பதியணும். அதுக்கு நான் கோலத்தைத்தான் பிடிச்சுக்குவேன். 7 நேர்ப்புள்ளி 7 வரிசை வச்சா சட்டுனு 49 னு சொல்லிடலாம். அதுவே 7 புள்ளி வச்சு 4 ல முடியுற ஊடுபுள்ளின்னா 4, 5, 6, 7, 6, 5, 4 னு போகும், வரிசைக்கு வரிசை மாறுது, அங்க 7 ஆல பெருக்கினா தப்பு, கூட்டித்தான் ஆகணும் (37 வரும்). எங்க பெருக்கக் கூடாதுன்னு தெரிஞ்ச புள்ளைக்கு எங்க பெருக்கணும்னு நாம சொல்ல வேண்டியதே இல்ல.

பி.கு. "பெருக்குறது"ன்னு சொன்னதும் ஒரு புள்ளையாவது "எங்கம்மா தினமும் காலையில பெருக்குவாங்க மிஸ்"னு வெளக்குமாறு பிடிக்கிற மாதிரி கையைக் காட்டும். வருஷா வருஷம் நடக்கும், நானும் ஒவ்வொரு வருஷமும் சிரிச்சுத்தான் ஆகணும்.

ஒரு புக்ல 1×3, 2×3, 3×3 னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 3×1, 3×2, 3×3 னு இருக்கு. எது சரி?

ரெண்டும் சரி. நம்ம தமிழ் ராகத்துல "ஓர் மூணு மூணு, ஈர் மூணு ஆறு, மும்மூணு ஒம்பது"ன்னு போறதால பழைய வாய்ப்பாட்டுல மாறுற நம்பர் முன்னாடி வரும், இங்கிலீஷ் மீடியத்துல "த்ரீ ஒன்ஸ் ஆர் த்ரீ"ன்னு போறதால பின்னாடி வரும். அக்கா ஒரு மாதிரி படிச்சு தம்பி இன்னொரு மாதிரி படிக்கிற வீட்டுல இதுக்கே சண்டை வந்திருக்கு. முட்டை அட்டையை ஒரு தடவை பக்கவாட்டுல திருப்பிக் காட்டுங்க. 5 வரிசை 6 ஆ இருந்தது இப்ப 6 வரிசை 5 ஆ இருக்கும், முட்டை ஒண்ணு கூட கூடவும் இல்ல, குறையவும் இல்ல.

இந்தத் திருப்புறதை லேசா எடுத்துக்காதீங்க, வாய்ப்பாட்டுல பாதி பாரம் இதுலயே இறங்கிடும். கணக்கு கீழ போட்டிருக்கேன்.

மனப்பாடம் வேணுமா வேணாமா? ஒருத்தர் வேணும்ங்கிறாங்க, ஒருத்தர் புரிஞ்சாப் போதும்ங்கிறாங்க.

வேணும். புரிஞ்சாப் போதும்னு சொல்றவங்க மூணாங் கிளாஸ் வரைக்கும்தான் பாத்திருப்பாங்க. அஞ்சாங் கிளாஸ்ல வகுத்தல், பின்னம், மீ.சி.ம. (எல்.சி.எம்.) எல்லாம் வரும்போது ஒவ்வொரு 6×7 க்கும் விரலை மடக்கிட்டு உக்காந்தா, எதுக்கு இந்தக் கணக்கை ஆரம்பிச்சோம்ங்கிறதே மறந்து போகும்.

ஆனா மனப்பாடம்னா எது மனப்பாடம்ங்கிறதுலதான் எனக்கும் மத்தவங்களுக்கும் தகராறு. ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணுன்னு ராகமா மூச்சு விடாம சொல்ற புள்ளைகிட்ட நடுவுல நிறுத்தி "ஆறேழு?"ன்னு கேட்டுப் பாருங்க. மறுபடி ஓரேழுல இருந்து கிளம்பி ஓடி வரும். அதுக்குத் தெரிஞ்சது பாட்டு, நடு வரி தனியா கேட்டா வராது. எங்க இருந்து கேட்டாலும் அங்க இருந்து சொல்லணும், அதுதான் வாய்ப்பாடு தெரிஞ்சதுக்கு அடையாளம்.

என் கதையையே சொல்றேன். நான் படிச்ச ஸ்கூல்ல தினமும் மதியம் அறுபது பேரும் எந்திரிச்சு நின்னு கோரஸா வாய்ப்பாடு சொல்லுவோம், அந்த சத்தத்துல எட்டாம் வாய்ப்பாடு எனக்குப் பாதி தெரியாது, வாயை மட்டும் அசைச்சுக்கிட்டு நிப்பேன். ஒரு வருஷம் முழுக்க யாரும் கண்டுபிடிக்கல. இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு தனியா எழுப்பி "ஏழெட்டு எவ்வளவு?"ன்னு கேட்டாங்க, "அம்பத்து..."ன்னு இழுத்தேன், அன்னிக்கு வாங்கின அடி முட்டிக்கையில ஒரு வாரம் இருந்துச்சு. அதனால எங்க மாடியில கோரஸே கிடையாது.

மொத்தம் எத்தனை படிக்கணும்? 10 வாய்ப்பாடுன்னா 100 வரி ஆச்சே, பாத்தாலே புள்ளை அழுகுது.

நூறு இல்ல. பேப்பர்ல 10க்கு 10 கட்டம் போட்டு உக்காருங்க, கலர் பென்சில் எடுத்துக்கோங்க, தெரிஞ்சதை எல்லாம் அடிச்சுக்கிட்டே வரலாம்.

முதல்ல திருப்புற விஷயம். 3×8 தெரிஞ்சா 8×3 தெரியும். அப்படிப் பாத்தா 100 ல நிக்கிறது 55 தான். ஒண்ணாம் வாய்ப்பாடு படிக்கவே வேணாம், 10 போச்சு, மிச்சம் 45. பத்தாம் வாய்ப்பாடு, இன்னும் 9 போச்சு, 36. ரெண்டாம் வாய்ப்பாடு எந்தப் புள்ளைக்கும் வந்துடும், 28. அஞ்சாம் வாய்ப்பாடு கடிகாரத்துல முள்ளு பாக்கத் தெரிஞ்சாலே பாதி வந்துடும், 21. ஒம்பதுக்கு விரல் வித்தை இருக்கு, 15. அதுல 3×3, 4×4, 6×6, 7×7, 8×8 அஞ்சும் ராகத்துல தானா ஒட்டிக்கும், நானாலு பதினாறு, ஆறாறு முப்பத்தாறுன்னு காதுக்கு நல்லா இருக்கும்ல. அதையும் அடிச்சுட்டா கடைசியா நிக்கிறது பத்தே பத்து:

3×4, 3×6, 3×7, 3×8, 4×6, 4×7, 4×8, 6×7, 6×8, 7×8.

அவ்வளவுதான். நெசமாவே உக்காந்து உழைக்க வேண்டியது இந்தப் பத்துக்குத்தான். இந்தக் கட்டத்தை அடிச்சுக் காட்டும்போது புள்ளைங்க முகத்தைப் பாக்கணுமே, ஒருத்தி "மிஸ் பொய் சொல்றீங்க"ன்னா, நாலு தடவை எண்ணிப் பாத்துட்டுத்தான் நம்புனா.

எந்த வாய்ப்பாட்டுல இருந்து ஆரம்பிக்கணும்? 1, 2, 3 னு வரிசையாத்தானே?

வரிசையா வேணாம். 2, 10, 5. அப்புறம் 4, ஏன்னா எந்த எண்ணையும் ரெண்டு தடவை ரெட்டிப்பாக்கினா நாலு மடங்கு: 4×7 க்கு 7 ஐ ரெட்டிப்பாக்கு 14, இன்னொரு தடவை 28. அதுக்கப்புறம் 3. அப்புறம் 9. ஆறாம் வாய்ப்பாடு அஞ்சோட ஒண்ணு சேத்தது: 6×8 ன்னா அஞ்செட்டு நாப்பது, கூட ஒரு எட்டு, 48. எட்டாம் வாய்ப்பாட்டுக்கு மூணு தடவை ரெட்டிப்பாக்கு: 8×6 ன்னா 12, 24, 48. ஏழு கடைசி. ஏழுக்குன்னு சொந்தமா 7×7 மட்டும்தான் படிக்கணும், மத்தது எல்லாம் அதுக்குள்ள வேற வாய்ப்பாட்டுல வந்துட்டு போயிருக்கும்.

7×8 மட்டும் நிக்கவே மாட்டேங்குது.

உங்க புள்ளைக்கு மட்டும் இல்ல, எனக்கும்தான் நிக்கல, மேல கதை சொன்னேனே. தமிழ்ல இதுக்கு ஒரு கூடுதல் தொல்லை இருக்கு, நாம சாதாரணமா "ஏழெட்டு பேர் வந்தாங்க"ன்னா ஏழோ எட்டோன்னு அர்த்தம், வாய்ப்பாட்டுல ஏழெட்டுன்னா அம்பத்தாறு! ஒரு பையன் "கல்யாணத்துக்கு ஏழெட்டு பேர்தான் வந்தாங்கன்னு அப்பா சொன்னாரு, 56 பேரா மிஸ்?"ன்னு கேட்டான், நல்ல கேள்விதான்.

இதுக்கு என்னோட வழி: 5, 6, 7, 8 னு வரிசையா எழுதச் சொல்லுங்க, நடுவுல சமன் குறி போட்டா 56 = 7×8. நாலு நம்பரும் வரிசையா வந்து நிக்கும். இதை ஒரு தடவை பாத்த புள்ளை மறந்து நான் பாக்கல.

விரல்ல கணக்குப் போடுறதை நிறுத்தணுமா?

ஒண்ணொண்ணா எண்ணுற விரலை மெதுவா நிறுத்துங்க. வித்தை காட்டுற விரலை நிறுத்தாதீங்க, அதுல ரெண்டு இருக்கு.

ஒம்பதாம் வாய்ப்பாட்டுக்கு: பத்து விரலையும் முன்னாடி நீட்டு. 9×4 ன்னா இடது பக்கம் இருந்து நாலாவது விரலை மடக்கு. மடக்கின விரலுக்கு இடப்பக்கம் 3, வலப்பக்கம் 6. விடை 36. இது ஏன் வருதுன்னா 9×4 ங்கிறது 40 ல 4 கம்மி, அவ்வளவுதான், பத்துல ஒண்ணு குறையும் மிச்சம் ஒண்ணுக்கு வரும். விடையோட இலக்கத்தைக் கூட்டினா 9 வரும்ங்கிறதையும் (3+6) சொல்லிக் கொடுங்க, 9×7 க்கு 62 னு எழுதினா புள்ளையே தப்பைப் பிடிச்சுக்கும்.

ரெண்டாவது, 6 ல இருந்து 9 வரைக்கும். அஞ்சுக்கு மேல எவ்வளவோ அத்தனை விரலை நிமித்து. 7×8 ன்னா ஒரு கையில 2, இன்னொரு கையில 3. நிமிந்தது 5, அது அஞ்சு பத்து, 50. மடங்கி இருக்கிறது ஒரு கையில 3, இன்னொரு கையில 2, ரெண்டையும் பெருக்கினா 6. மொத்தம் 56. 6×7 போட்டுப் பாருங்க, நிமிந்தது 1 ம் 2 ம் சேந்து 3, அதாவது 30, மடங்கினது 4×3 = 12, கூட்டினா 42. அஞ்சாம் வாய்ப்பாடு வரைக்கும் தெரிஞ்சாலே ஒம்பது வரைக்கும் போயிடலாம். பஸ்ல போகும்போது சொல்லிக் கொடுத்தேன்னா பக்கத்து சீட்டு தாத்தாவும் விரலை மடக்கிட்டு இருப்பாரு.

5×0 = 5 ன்னு எழுதுறான். எத்தனை தடவை சொன்னாலும் கேக்கல.

கூட்டல் பழக்கம் அது, 5+0 = 5 னு கை ஓடிடுது. அஞ்சு காலித் தட்டை முன்னாடி வச்சு "மொத்தம் எத்தனை இட்லி"ன்னு கேளுங்க, ஒரு தடவை போதும். பசியில இருக்கும்போது கேட்டா இன்னும் நல்லா பதியும்.

பத்தால பெருக்கினா பூஜ்யம் சேத்தாப் போதும்னு சொல்லிக் கொடுக்கலாமா?

வேணாம், பின்னாடி உதைக்கும். ஆறாங் கிளாஸ்ல 2.5×10 வந்ததும் 2.50 ன்னு எழுதி வச்சுட்டு வரும். பத்தால பெருக்கினா ஒவ்வொரு இலக்கமும் இடது பக்கம் ஒரு வீடு நகருதுன்னு சொல்லுங்க, ஒண்ணு பத்தாகுது, பத்து நூறாகுது. காலியான ஒண்ணாம் வீட்டுல பூஜ்யம் குடி வருது. சின்னப் புள்ளைங்க வீடு மாத்துறதுன்னா நல்லா புரிஞ்சுக்குதுங்க, வாடகை வீட்டுப் புள்ளைங்க இன்னும் சீக்கிரமா.

தமிழ்ல படிக்கணுமா இங்கிலீஷ்ல படிக்கணுமா?

ஏதாவது ஒண்ணுல. ரெண்டுலயும் பாதி பாதியா வேணாம். சின்ன வயசுல எந்த மொழியில வாய்ப்பாடு ஏறுச்சோ அதுலதான் பெரியவங்க ஆனாலும் மனசுக்குள்ள கணக்கு ஓடும், என் தங்கச்சி பெங்களூர்ல ஐடில இருக்கா, மீட்டிங் முழுக்க இங்கிலீஷ், ஆனா பில்லைப் பாத்து "எட்டேழு அம்பத்தாறு"ன்னு முணுமுணுக்கிறது தமிழ்லதான்.

இங்கிலீஷ் மீடியம் புள்ளைய வீட்டுல பாட்டி தமிழ்ல கேட்டா திணறும். அது வாய்ப்பாடு தெரியாததால இல்ல, "நாப்பத்தொம்பது"ன்னா எந்த நம்பர்னே தெரியாததால. முதல்ல நம்பர் பேரைச் சொல்லிக் கொடுங்க, அதுலயும் ஒம்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் இந்த மூணும் எல்லாப் புள்ளையையும் குழப்பும், அதுக்குன்னு ஒரு வாரம் ஒதுக்குங்க.

தமிழுக்குன்னு ஒரு சௌகரியம் இருக்கு, அதைச் சொல்லாம விட முடியாது. வாய்ப்பாடு நம்ம பேச்சுலயே ஊறிக் கிடக்கு. ஈரேழு பதினாலு லோகம்னு கதையில வரும். பழைய பாட்டுல பத்து மாசம் சுமந்தான்னு நேராச் சொல்ல மாட்டாங்க, ஐயிரண்டு திங்கள்ம்பாங்க. முருகனுக்கு ஈராறு கை, எண்ணெண் கலைன்னா எட்டெட்டு, அதாவது 64 கலை. சாமிப் படத்தைக் காட்டி "எத்தனை கை எண்ணு"ன்னா ஆறு முகத்துக்கு ரெண்டு ரெண்டு கைன்னு புள்ளையே பெருக்கிடும்.

ஏன் கடையில விக்கிற வாய்ப்பாட்டுல 16 வரைக்கும் இருக்கு? 10 க்கு மேல படிக்கணுமா?

ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை (அந்தக் காலத்து சின்னக் காசு) இருந்த வரைக்கும் பதினாறாம் வாய்ப்பாடு தெரியாம மளிகைக் கடையில கூட நிக்க முடியாது. 1957 ஏப்ரல் 1 ல நயா பைசா வந்து ஒரு ரூபாய்க்கு 100 ன்னு ஆச்சு, அந்த அவசியம் போச்சு. ஆனா அட்டை அப்படியே அச்சாகிட்டு இருக்கு.

என்னைக் கேட்டா 10 வரைக்கும் அசைக்க முடியாம தெரிஞ்சாப் போதும். 12 தெரிஞ்சா டஜனுக்கும் மாசக் கணக்குக்கும் உதவும், 15 தெரிஞ்சா மணி நேரக் கணக்குக்கு உதவும். மத்ததைப் பிரிச்சுப் போட்டுக்கலாம், 14×6 ன்னா பத்தாறு 60, நாலாறு 24, மொத்தம் 84. 10 வரைக்கும் ஆட்டம் காணுற புள்ளைய 20 வரைக்கும் இழுத்துட்டுப் போறது, அஸ்திவாரம் காயாம மாடி எழுப்புற வேலை.

ரெண்டு இலக்கப் பெருக்கல்ல எங்க தப்பு விடுறாங்க?

மூணே இடம், பத்து வருஷமா அதே மூணு இடம்.

ஒண்ணு, மீதியை எப்ப சேக்கிறதுங்கிறது. 27×4 ன்னா நாலேழு 28, 8 போட்டு மீதி 2 மேல. அடுத்து நாலிரண்டு 8, அதோட 2 சேத்து 10, விடை 108. அவசரக்காரப் புள்ளை முதல்லயே அந்த 2 ஐ 2 ஓட கூட்டி 4 ஆக்கி, நானாலு 16 ன்னு 168 எழுதும். பெருக்கின பிறகுதான் கூட்டணும். மேல இருக்கிற மீதி விருந்தாளி மாதிரி, சாப்பாடு ரெடியான பிறகுதான் உள்ள கூப்பிடணும்னு சொல்லி வச்சிருக்கேன், வேலை செய்யுது.

ரெண்டு, நடுவுல பூஜ்யம். 306×4 க்கு 1224 வரணும், பூஜ்யத்தைத் தாண்டிக் குதிச்சு 144 எழுதிடுவாங்க (36×4 ன்னு போட்டுட்டாங்க).

மூணாவதுதான் பெருசு. 23×14. நாலால பெருக்கினா 92. அடுத்த வரியில ஒண்ணால பெருக்கி 23 எழுதுறோம்ல, அதை ஒரு இடம் தள்ளி எழுதணும், இல்லேன்னா பூஜ்யம் போட்டு 230 ன்னு எழுதணும். தள்ளாம எழுதினா 92 + 23 = 115. ஏன் தள்ளணும்னு கேட்டா எந்தப் புள்ளைக்கும் தெரியாது, "ஸ்கூல் மிஸ் அந்தக் காலி இடத்துல பெருக்கல் குறி போடச் சொன்னாங்க"ம்பாங்க. அது ஒண்ணு இல்லப்பா, பத்து. 14 ல இருக்கிற 1 பத்து. அதனால அது 23 இல்ல, 230. இதுக்கு கட்டம் போட்டுக் காட்டுறதுதான் வழி: 23 ஐ 20 ம் 3 மாப் பிரி, 14 ஐ 10 ம் 4 மாப் பிரி, நாலு அறை உள்ள வீடு மாதிரி வரை. 200, 80, 30, 12. கூட்டினா 322. ரெண்டு வாரம் இப்படியே போடட்டும், அப்புறமா வழக்கமான முறைக்கு வரட்டும், அப்ப அந்தப் பூஜ்யம் எதுக்குன்னு அதுவே சொல்லும்.

விடை சரியான்னு புள்ளையே எப்படிப் பாத்துக்கிறது?

முதல்ல தோராயம். 23×14 ங்கிறது 20×15 க்குப் பக்கத்துல, 300 கிட்ட வரணும். 115 வந்தா எங்கயோ இடிக்குது.

இன்னொண்ணு ஒம்பதைத் தள்ளிப் பாக்குறது. 23 ன்னா 2+3 = 5. 14 ன்னா 1+4 = 5. ஐயைந்து 25, 2+5 = 7. விடை 322, 3+2+2 = 7. ஒத்துப் போச்சு. புள்ளைங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனா ஒரு எச்சரிக்கை: தப்பான விடை 115 ஐயும் கூட்டிப் பாருங்க, 1+1+5, அதுவும் 7! இடம் தள்ளாம எழுதுற தப்பை இந்த முறை பிடிக்கவே பிடிக்காது, ஏன்னா பூஜ்யம் சேந்தாலும் சேராட்டியும் இலக்கக் கூட்டல் மாறாது. நான் இதை ஒரு வருஷம் பெருமையா சொல்லிக் கொடுத்துட்டு இருந்தப்ப ஒரு நாலாங் கிளாஸ் பொண்ணுதான் 115 ஐக் காட்டி "மிஸ், இதுவும் சரின்னு வருதே"ன்னு கேட்டா. அன்னில இருந்து தோராயம்தான் முதல்.

யூடியூப்ல கோடு போட்டுப் பெருக்குறாங்களே, அது? வேத கணிதம், அபாகஸ் கிளாஸ் எல்லாம் சேக்கலாமா?

கோடு போடுறது பாக்க அழகா இருக்கும், ஏன்னா வீடியோல எப்பவும் 12×13, 21×23 மாதிரி சின்ன இலக்கமா எடுத்துக்குவாங்க. 78×96 போடச் சொல்லுங்க பாப்போம், ஒரு பக்கம் 15 கோடு, இன்னொரு பக்கம் 15 கோடு, 225 புள்ளி எண்ணணும். ஒரு நாள் விளையாட்டா காட்டலாம், அதுக்கு மேல வேணாம்.

வேத கணிதம்ங்கிற பேர்ல வர்றது 1965 ல அச்சான ஒரு புத்தகத்துல இருக்கிற சூத்திரங்கள், வேதத்துல அந்தச் சூத்திரங்கள் இல்ல. அதுல 98×97 மாதிரி நூறுக்குப் பக்கத்துல உள்ள எண்ணுக்கு நல்ல சுருக்கு வழி இருக்கு: நூறுக்கு 2 குறைவு, 3 குறைவு, 98 ல 3 போனா 95, இரு மூணு 6, அதை 06 ன்னு பின்னாடி எழுதினா விடை 9506. நாலாங் கிளாஸ் புள்ளைக்குப் போட்டுக் காட்டினா கண்ணு விரியும். ஆனா ஒவ்வொரு மாதிரி எண்ணுக்கும் ஒவ்வொரு சுருக்கு வழி, எதுக்கு எதுன்னு ஞாபகம் வச்சுக்கிறதே ஒரு வாய்ப்பாடு ஆயிடும். அபாகஸ் நல்ல பயிற்சிதான், மணியை மனசுல ஓட்டிக் கூட்டுறதுக்கு உதவும், ஆனா அதுலயும் பெருக்கணும்னா வாய்ப்பாடு தெரிஞ்சிருக்கணும். காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கிட்டு கட்டுங்க.

அஞ்சாங் கிளாஸ் வந்துட்டான், வாய்ப்பாடு சுத்தமா தெரியாது. இனிமே முடியுமா?

முடியும். முதல்ல அவன் ஓடிப் போகாம பாத்துக்கணும், அதுக்கு நான் எகிப்துக்காரங்க முறையைத் தருவேன். சுமார் 3500 வருஷத்துக்கு முன்னாடி அகமோசுன்னு ஒரு எழுத்தர் பிரதி எடுத்த பாப்பிரஸ் சுருள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, அதுல பெருக்கலைப் பெரும்பாலும் ரெட்டிப்பாக்கியே போட்டிருக்காங்க. 13×24 வேணும்னா:

1 க்கு 24
2 க்கு 48
4 க்கு 96
8 க்கு 192

13 ங்கிறது 8+4+1. அப்ப 192+96+24 = 312. ரெண்டாம் வாய்ப்பாடு மட்டும் தெரிஞ்சாப் போதும், எவ்வளவு பெரிய எண்ணும் பெருக்கிடலாம். "எனக்குக் கணக்கு வராது"ன்னு வந்து உக்காந்த பையன் ஒரே சாயங்காலத்துல மூணு இலக்கத்தைப் பெருக்கிட்டு எந்திரிப்பான். அடுத்த வாரம் "இது ரொம்ப நேரம் ஆகுது மிஸ்"னு அவனே சொல்லுவான், அப்ப அந்தப் பத்து வரியை நீட்டுவேன்.

டைம் வச்சு டெஸ்ட் வைக்கலாமா?

இங்கிலாந்துல நாலாம் வருஷப் புள்ளைங்களுக்கு கம்ப்யூட்டர்ல 25 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 6 செகண்டு, 12 வாய்ப்பாடு வரைக்கும் டெஸ்ட் வைக்கிறாங்க, 2022 ல இருந்து ஸ்கூல்களுக்குக் கட்டாயம். அது அவங்க ஊர். நான் வைக்கிறதில்ல. சில புள்ளைங்களுக்கு கடிகாரத்தைப் பாத்தாலே தெரிஞ்சதும் போயிடும். வேணும்னா நேத்து அவன் எடுத்த நேரத்தோட இன்னிக்கு எடுத்த நேரத்தைப் பாக்கட்டும், பக்கத்து வீட்டுப் புள்ளையோட வேணாம், அத்தை பையனோட சத்தியமா வேணாம்.

எவ்வளவு சொன்னாலும் ஏறலேன்னா?

எதுலன்னு பாருங்க. எண்ணவே தடுமாறுது, 38 பெருசா 83 பெருசான்னு குழப்பம், மணி பாக்க வரல, சில்லறை எண்ண வரலைன்னா திட்டிப் பிரயோஜனம் இல்ல, டிஸ்கால்குலியான்னு எண்ணும் கணக்கும் ஏற விடாத ஒரு குறைபாடு இருக்கு, குழந்தை நல டாக்டர்கிட்ட கேட்டு சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்க. 2016 மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்துல கற்றல் குறைபாடுன்னு இதுவும் இருக்கு. சோம்பேறின்னு பேர் வாங்கிட்டு அடி வாங்குற புள்ளைங்கள்ல இப்படிப்பட்டவங்களும் இருப்பாங்க.

பெருக்கல் குறியை யார் கண்டுபிடிச்சது? (இது புள்ளைங்க கேக்குறது)

இங்கிலாந்துல வில்லியம் ஆட்ரெட், 1631 ல வந்த அவரோட புத்தகத்துல × குறி இருக்கு. ஜெர்மனியில லைப்னிட்ஸ்னு ஒரு பெரிய கணக்கு மேதை, அவருக்கு அது பிடிக்கல, எக்ஸ் எழுத்து மாதிரியே இருக்கே குழம்புமேன்னு புள்ளி வச்சாரு. பெரிய கிளாஸ்ல அல்ஜீப்ரா வரும்போது நம்ம புள்ளைங்களும் லைப்னிட்ஸ் கட்சிக்கு மாறிடும்.

பெருக்கினா எப்பவும் பெருசாத்தானே ஆகும்?

பேர்லயே பெருகுறதுன்னு இருக்கு, அதனால எல்லாருக்கும் அப்படித் தோணுது. எட்டு தடவை அரை தம்ளர் பால் ஊத்தினா 4 தம்ளர்தான், எட்டை விடக் கம்மி. இதுல நம்ம தாத்தா பாட்டி கெட்டிக்காரங்க. அரைக்கால்னு ஒரு சொல்லு இருக்கே, அதுவே ஒரு பெருக்கல், காலில் அரை, அதாவது எட்டுல ஒரு பங்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்துல எண்சுவடின்னு ஓலையில வச்சு முழு எண்ணோட பின்னத்துக்கும் சேத்து வாய்ப்பாடு படிச்சாங்க, கால், அரை, முக்கால், மாகாணி (பதினாறுல ஒரு பங்கு), அதுக்குக் கீழ முந்திரி, 320 ல ஒரு பங்கு. முந்திரிக்கு வாய்ப்பாடு சொன்ன ஊர்ல இப்ப நாம 7×8 க்கு அழுதுட்டு இருக்கோம்.

தினமும் எவ்வளவு நேரம், எப்படி?

பத்து நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட வேணாம், ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் உக்கார வைக்கிறதை விட இது மேல்.

வீட்டுல பழைய கல்யாணப் பத்திரிகை நிறைய கிடக்கும்ல, நல்ல கெட்டி அட்டை, அதைச் சின்னச் சின்னதா வெட்டி ஒரு பக்கம் 6×7, பின்பக்கம் 42 ன்னு எழுதுங்க. அந்தப் பத்து வரிக்கும் பத்து சீட்டு. ஒரு நாளைக்கு புதுசா மூணுதான். தெரிஞ்ச சீட்டோட கலந்து கேளுங்க, டக்குனு சொன்னா ஒரு டப்பா, யோசிச்சு சொன்னா ஒரு டப்பா. யோசிச்ச டப்பா நாளைக்கே திரும்ப வரும், டக்குனு சொன்ன டப்பா மூணு நாள் கழிச்சு, அப்புறம் ஒரு வாரம் கழிச்சு. தெரியலேன்னா திட்டாம பின்பக்கத்தைக் காட்டிட்டு, "எதை வச்சு இதுக்கு வரலாம்?"னு கேளுங்க. 6×7 க்கு "அஞ்சேழு முப்பத்தஞ்சு, கூட ஒரு ஏழு"ன்னு சொல்லிட்டா அதுக்கு அரை மார்க்.

சில நாள் நீங்க சீட்டை எடுங்க, புள்ளை உங்களைக் கேக்கட்டும். நடுவுல ஒண்ணு ரெண்டு வேணும்னே தப்பாச் சொல்லுங்க. என்கிட்ட படிக்கிற ஒரு பையனோட அப்பா ஆட்டோ ஓட்டுறாரு, ராத்திரி சவாரி முடிச்சு வந்து சாப்பிடும்போது பையன் சீட்டை நீட்டுவானாம், "வேணும்னே தப்பாச் சொல்லச் சொன்னீங்களே மிஸ், எனக்கு அந்த எட்டாம் வாய்ப்பாடு வேணும்னு சொல்லாமலே தப்பாத்தான் வருது"ன்னு சிரிச்சாரு. இப்ப அவருக்கும் தனியா ஒரு டப்பா வச்சிருக்கானாம்.